நரம்பில் ஏற்றும் வலி மருந்து: வேகம் கூடும், வலிமை கூடுவதில்லை

கோலாலம்பூரில் செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துக் கிளினிக்குகளுக்கும் அரசாங்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளுக்கும் தாங்க முடியாத வலியோடு வரும் நம் மக்களிடம், குறிப்பாக மூத்தவர்களிடம், ஓர் உறுதியான நம்பிக்கை உண்டு. மாத்திரை சிறிய வலிக்கு, இடுப்பில் போடும் ஊசி அதைவிடப் பெரிய வலிக்கு, கையில் குழாய் செருகி நரம்பில் நேராக ஏற்றும் மருந்துதான் எல்லாவற்றிலும் வலிமையானது என்பதே அந்த நம்பிக்கை. "ஊசி போட்டால்தான் எனக்கு நிற்கும் டாக்டர்" என்று கேட்பவரின் வலி உண்மையானது. அந்தக் கோரிக்கையை அலட்சியப்படுத்துவது தவறு. ஆனால் இந்தப் படிவரிசை மார்ஃபின் போன்ற சில மருந்துகளுக்கு ஓரளவு பொருந்துமே தவிர, அழற்சியை, அதாவது அடிபட்ட இடம் சிவந்து வீங்கி வலிப்பதை, தணிக்கும் வலிநிவாரணிகளுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. அது ஏன் பொருந்தவில்லை என்பதையும், திடீர் வலிக்கு இம்மருந்துகளைச் சிரை வழியாக, அதாவது பேச்சுவழக்கில் நரம்பில், ஏற்றுவதற்கு மருத்துவத்தில் இருக்கும் உண்மையான இடம் எது என்பதையும் இங்கே பார்ப்போம்.

முதலில் இந்த மருந்துக் குடும்பம். டைக்ளோஃபெனாக், ஐபூபுரோஃபென், மெஃபெனமிக் அமிலம், நேப்ராக்சன், கீட்டோபுரோஃபென், கீட்டோரோலாக், மெலாக்சிகாம், செலிகாக்சிப், எட்டோரிகாக்சிப், பாரிகாக்சிப் ஆகியவை இதில் அடங்கும். மலேசிய வீடுகளில் இவற்றுள் பல, வோல்டரன், பொன்ஸ்தான், ஆர்கோக்சியா, செலிபிரெக்ஸ் என்ற வணிகப் பெயர்களால்தான் அறியப்படுகின்றன. இவை ஸ்டீராய்டும் அல்ல, மார்ஃபின் போன்ற அபின் வகையும் அல்ல. பனடோல் என்று நாம் அழைக்கும் பாராசிட்டமோல் வலியைக் குறைத்தாலும் அழற்சியைக் குறிப்பிடத்தக்க அளவில் தணிப்பதில்லை என்பதால் இக்குடும்பத்துக்கு வெளியே நிற்கிறது. கீழே வரும் எச்சரிக்கைகளில் பலவும் அதற்குப் பொருந்தா.

உடலில் ஓரிடம் அடிபட்டாலோ, அறுக்கப்பட்டாலோ, வீங்கினாலோ அங்குள்ள உயிரணுக்கள் புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருள்களை உண்டாக்குகின்றன. அவை வலியை உணரும் நரம்பு முனைகளைக் கூர்மையாக்குகின்றன. அதனால் சாதாரணமாகத் தொடுவதும் அசைப்பதும்கூட வலிக்கிறது. முதுகுத் தண்டிலும் இதே வேலை நடக்கிறது. அவற்றை உருவாக்கும் நொதியின் பெயர் சைக்ளோ ஆக்சிஜனேஸ், சுருக்கமாகக் காக்ஸ். ஆஸ்பிரினும் அதைப் போன்ற மருந்துகளும் புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுத்தே செயல்படுகின்றன என்பதைப் பிரிட்டிஷ் மருந்தியலாளர் ஜான் வேன் 1971-இல் காட்டினார். 1982-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசை அவர் ஸ்வீடனின் சூனே பெரிஸ்ட்ரோம், பெங்க்ட் சாமுவெல்சன் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார். 1990-களின் தொடக்கத்தில் இந்த நொதி ஒன்றல்ல, இரண்டு என்று தெரியவந்தது. காக்ஸ்-1 எப்போதும் வேலை செய்துகொண்டிருப்பது. இரைப்பையின் உட்சுவரைக் காப்பதும், இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கசிவை அடைக்க உதவுவதும் அதன் பணிகள். காக்ஸ்-2 பெரும்பாலும் அழற்சியின்போது பெருகுவது. ஆயினும் சிறுநீரகத்திலும் இரத்தக் குழாய்ச் சுவரிலும் அதற்கு அன்றாட வேலை உண்டு. இந்தக் கடைசிச் செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் தீங்குகள் எங்கிருந்து கிளம்புகின்றன என்பது எளிதில் விளங்கும்.

இக்குடும்பத்தில் எல்லாமே நரம்பில் ஏற்றக்கூடிய வடிவில் கிடைப்பதில்லை. கீட்டோரோலாக் ஊசி அமெரிக்காவில் 1989-இல் அனுமதி பெற்றது. ஐபூபுரோஃபெனின் சிரைவழி வடிவம் அங்கே 2009-இலும், மெலாக்சிகாமின் வடிவம் 2020-இலும் வந்தன. பாரிகாக்சிப் ஐரோப்பாவில் 2002-இல் அனுமதிக்கப்பட்டது. அமெரிக்கா அதை ஏற்கவே இல்லை. மலேசிய அறுவைக் கூடங்களிலும் வார்டுகளிலும் பாரிகாக்சிப் நன்கு அறிமுகமான மருந்து. கிளினிக்குகளில் இடுப்பு ஊசியாகப் போடப்படுவது பெரும்பாலும் டைக்ளோஃபெனாக். பாரிகாக்சிப்பின் அமைப்பு சற்று வேறுபட்டது. அது தானாகச் செயல்படுவதில்லை; உடலுக்குள் சென்றதும் ஈரல் அதை வால்டிகாக்சிப்பாக மாற்றுகிறது, அந்த வால்டிகாக்சிப்தான் காக்ஸ்-2 நொதியைத் தேர்ந்து தடுக்கிறது. தட்டணுக்களின் வேலையை அது கெடுப்பதில்லை என்பதால், அறுவைக்குப் பின் இரத்தக் கசிவுக்கு அஞ்சும் மருத்துவர்கள் அதை விரும்புகிறார்கள்.

இனி, வலிமை பற்றிய நம்பிக்கைக்கு வருவோம். மார்ஃபினை விழுங்கினால் அதன் பெரும்பகுதி குடலிலும் ஈரலிலும் சிதைக்கப்பட்டு, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே இரத்தத்தில் சேர்கிறது. ஆகவே அங்கே மாத்திரைக்கும் ஊசிக்கும் உள்ள வேறுபாடு பெரியது. ஐபூபுரோஃபென், கீட்டோரோலாக் போன்றவை அப்படியல்ல. விழுங்கிய அளவில் ஏறக்குறைய முழுவதும் இரத்தத்தை அடைகிறது. டைக்ளோஃபெனாக்கில் மட்டும் ஏறத்தாழ பாதி ஈரலில் இழக்கப்படுகிறது, அதையும் மாத்திரையின் அளவு கணக்கில் எடுத்துக்கொள்கிறது. இரத்தத்தை அடைந்துவிட்ட மருந்துக்குத் தான் வாய் வழியாக வந்ததா, கை வழியாக வந்ததா என்ற வேறுபாடு கிடையாது. நரம்பில் ஏற்றுவதால் மிச்சமாவது குடல் உறிஞ்சிக்கொள்ளும் நேரம் மட்டுமே. அந்த மிச்சமும் நாம் எதிர்பார்ப்பதைவிடக் குறைவு. குழாயை மூடிய பிறகும் வாளியில் ஏற்கெனவே நிரம்பிய நீர் வடிய நேரமாவதைப் போல, நொதி தடுக்கப்பட்ட பிறகும் முன்பே சுரந்துவிட்ட புரோஸ்டாகிளாண்டின்கள் குறைய வேண்டும். பாரிகாக்சிப் ஏற்றிய 7 முதல் 14 நிமிடங்களில் தணிவு தொடங்கினாலும், முழுப் பலன் தெரிவதற்கு 2 மணி நேரம் வரை ஆகலாம். ஊசி போட்ட பத்தாம் நிமிடத்தில் "ஒன்றும் கேட்கவில்லையே" என்று கலங்குபவருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. அமெரிக்க அவசரப் பிரிவுகளில் 1990-களில் நடந்த ஒப்பீடுகளில், 60 மில்லிகிராம் கீட்டோரோலாக் தசை ஊசியும் 800 மில்லிகிராம் ஐபூபுரோஃபென் மாத்திரையும் திடீர் வலியை ஒரே அளவில்தான் குறைத்தன. இம்மருந்துகளை வெவ்வேறு வழிகளில் கொடுத்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி 1998-இல் வெளிவந்த மீளாய்வு, விழுங்கக் கூடியவருக்கு ஊசி கூடுதல் பலன் தருவதாகச் சான்று இல்லை என்று முடிவு கூறியது. சிறுநீரகக் கல் வலி மட்டுமே அதில் விதிவிலக்கு. அங்கே சிரைவழி ஊசிதான் விரைவாக வேலை செய்தது. அறுவைக்குப் பிந்திய வலியை அளக்கும் ஆய்வாளர்கள் இன்னோர் எண்ணையும் பயன்படுத்துகிறார்கள்: மருந்துப் பொருள் எதுவும் இல்லாத வெற்று மருந்தோடு ஒப்பிடுகையில், ஒருவருக்குக் கூடுதலாக வலி பாதிக்கு மேல் குறைய எத்தனை பேருக்கு அம்மருந்தைக் கொடுக்க வேண்டும் என்பது அது. எண் சிறுத்தால் மருந்து சிறந்தது. 400 மில்லிகிராம் ஐபூபுரோஃபென் மாத்திரைக்கு அது 2.5, 10 மில்லிகிராம் மார்ஃபின் தசை ஊசிக்கு 2.9. நரம்பில் ஏற்றும் 40 மில்லிகிராம் பாரிகாக்சிப்புக்கும், விழுங்கும் 120 மில்லிகிராம் எட்டோரிகாக்சிப்புக்கும், அதாவது நாம் அறிந்த ஆர்கோக்சியாவுக்கும், இரண்டுக்குச் சற்றுக் குறைவான எண்ணே கிடைத்தது. வெவ்வேறு ஆய்வுகளின் எண்களை அருகருகே வைப்பதில் எச்சரிக்கை தேவைதான். இவற்றில் பல, கடைவாய்ப் பல் பிடுங்கியவர்களிடம் நடத்தப்பட்டவை. எனினும் மாத்திரை என்றாலே வலுவற்றது என்ற எண்ணத்துக்கு இந்த எண்கள் இடம் கொடுக்கவில்லை.

பின் ஏன் ஊசி போட்டவுடன் பலருக்கு உண்மையாகவே தேறியதுபோல் இருக்கிறது? வெற்று மாத்திரையைவிட வெற்று ஊசிக்கு மனித உடல் கூடுதலாகப் பதில் தருகிறது என்பது பல வலி ஆய்வுகளில் கண்ட ஒன்று. படுக்கையில் படுக்கவைத்துத் தாதி அருகில் நின்று கையைப் பிடிப்பதும், ஏதோ நடக்கிறது என்ற ஆறுதலும் வலியைக் குறைக்கின்றன. அதைப் போலி என்று ஒதுக்க நான் விரும்பவில்லை. அந்த ஆறுதலைக் கையில் குழாய் செருகாமலும் கொடுக்க முடியும் என்பதே என் கருத்து.

அளவைக் கூட்டினால் பலன் கூடும் என்பதும் இம்மருந்துகளிடம் ஓர் எல்லைக்கு மேல் செல்லாது. இதை நன்கு விளக்கியது 2017-இல் வெளியான நியூயார்க் அவசரப் பிரிவு ஆய்வு. 240 நோயாளிகளுக்கு 10, 15, 30 மில்லிகிராம் என மூன்று அளவுகளில் கீட்டோரோலாக் நரம்பில் ஏற்றப்பட்டது. மூன்று குழுவினருக்கும் வலி ஒரே அளவில்தான் குறைந்தது. வழக்கமாகக் கொடுக்கப்பட்டு வந்ததோ 30 மில்லிகிராம். பலன் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது, ஆனால் தீங்கு அங்கே நிற்பதில்லை. இரைப்பைக் கசிவு போன்றவை அளவோடும் நாளோடும் ஏறிக்கொண்டே போகின்றன. "இன்னொரு ஊசி போடுங்கள்" என்ற வேண்டுகோளை மருத்துவர் மறுத்து வேறு வகை மருந்துக்கு மாறுவதன் காரணம் இதுதான்.

இம்மருந்துகளின் ஆற்றல் முழுமையாக வெளிப்படும் இடம் சிறுநீரகக் கல் வலி. இடுப்பின் ஒரு பக்கத்தில் தொடங்கி அடிவயிற்றை நோக்கி இறங்கும் அந்த வலியைப் பிரசவ வலியோடு ஒப்பிடும் பெண்கள் உண்டு. வந்தவர் ஓரிடத்தில் படுக்கவும் மாட்டார், உட்காரவும் மாட்டார். கல் குழாயை அடைத்ததும் சிறுநீரகத்தின் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. அதன் எதிர்வினையாக அங்கே புரோஸ்டாகிளாண்டின்கள் சுரந்து, சிறுநீரகத்துக்குள் வரும் இரத்தத்தைப் பெருக்குகின்றன; இரத்தம் கூடினால் சிறுநீரும் கூடுகிறது; வெளியேற வழியில்லாத சிறுநீர் அழுத்தத்தை மேலும் ஏற்றுகிறது. குழாயின் தசையும் இறுகுகிறது. அழற்சி தணிக்கும் மருந்து இந்தச் சுழற்சியின் வேரையே வெட்டுகிறது; மார்ஃபினோ வலியின் செய்தி மூளையில் உணரப்படுவதை மட்டும் மழுங்கச் செய்கிறது. கத்தாரின் தோஹாவில் 1,645 நோயாளிகளிடம் நடத்தி 2016-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 75 மில்லிகிராம் டைக்ளோஃபெனாக் தசை ஊசி பெற்றவர்களில் 68 விழுக்காட்டினருக்கு அரை மணி நேரத்தில் வலி பாதியாகக் குறைந்தது. நரம்பில் மார்ஃபின் பெற்றவர்களில் அது 61 விழுக்காடு. வேறுபாடு மலையளவு இல்லை. ஆனால் மார்ஃபின் குழுவில் பக்க விளைவுகளும் கூடுதல். கல் வலியில் வாந்தியும் சேர்ந்தே வரும் என்பதால், விழுங்கிய மாத்திரை வயிற்றில் தங்குவதற்கு உறுதியில்லை. எனவே இங்கே ஊசி கேட்பவர் சரியாகவே கேட்கிறார். வெயிலில் நின்று வேலை செய்து, தண்ணீர் குறைவாகக் குடிக்கும் நம் தொழிலாளர்களிடையே இந்த வலி அரிதல்ல. அதே சமயம், கல்லோடு காய்ச்சலும் குளிரும் இருந்தாலோ, ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவராக இருந்தாலோ கதை வேறு. முதலில் அடைப்பையும் கிருமியையும் கவனிக்க வேண்டியிருக்கும்.

சிரைவழி மருந்துக்குத் தகுந்த இரண்டாவது இடம் அறுவைக் கூடம். மயக்கத்தில் இருப்பவர் விழுங்க முடியாது; வயிற்று அறுவை முடிந்தவருக்கு வாய்வழி எதுவும் கூடாது என்று எழுதியிருக்கும். அத்தகையவருக்கு 40 மில்லிகிராம் பாரிகாக்சிப்பை ஏற்றி, தேவைப்பட்டால் 6 முதல் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை 20 அல்லது 40 மில்லிகிராம் தொடர்வார்கள். ஒரு நாளுக்கு 80 மில்லிகிராமைத் தாண்டுவதில்லை. இதன் பெரிய நன்மை, மார்ஃபினின் தேவையைக் குறைப்பது. அறுவைக்குப் பிந்திய முதல் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 10 மில்லிகிராம் மார்ஃபின் மிச்சமாகிறது என்று தொகுப்பாய்வுகள் காட்டியுள்ளன. எண்ணாகப் பார்த்தால் சிறியது. குமட்டலும் தூக்கக் கலக்கமும் குறைந்து, மறுநாளே எழுந்து நடக்கும் நோயாளிக்கு அது பெரியது. சிசேரியன் முடிந்த தாய்க்கு, குழந்தையைத் தூக்கிப் பாலூட்டும் அளவுக்கு விழிப்போடு வலியின்றி இருப்பது எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. டைக்ளோஃபெனாக், ஐபூபுரோஃபென் ஆகியவை தாய்ப்பாலில் மிகச் சிறிய அளவே கலப்பதால் அங்கே அவை நல்ல துணை.

ஊசிதான் வேண்டும் என்று முடிவான பிறகு, தசையா சிரையா என்ற கேள்வி எழுகிறது. என் பார்வையில், வசதியும் கண்காணிப்பும் உள்ள இடத்தில் இடுப்பில் போடும் தசை ஊசிக்கு மிகக் குறைந்த நியாயமே இருக்கிறது. அது போடும்போதே வலிக்கிறது. உறிஞ்சப்படும் வேகம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. தவறான இடத்தில் குத்தினால் காலை இயக்கும் நரம்பு (இங்கே சிரை அல்ல) பாதிக்கப்படலாம். சீழ்க்கட்டியும், அரிதாகத் தோலும் தசையும் அழுகும் நிலையும் டைக்ளோஃபெனாக் தசை ஊசிக்குப் பின் பதிவாகியுள்ளன. அதற்காகத் தசைக்கான குப்பியை எடுத்து நரம்பில் செலுத்திவிட முடியாது. பழைய வகை டைக்ளோஃபெனாக்கைச் சோடியம் பைகார்பனேட் சேர்த்த உப்புநீரிலோ குளுக்கோஸ் நீரிலோ கலந்து, அரை மணி முதல் 2 மணி நேரம் வரை மெதுவாகச் சொட்டவிட வேண்டும். அப்படியே செலுத்தினால் சிரை வெந்து வீங்கும்.

வழி மாறினாலும் மருந்து அதே என்பதால், தீங்குகளும் அதே. நரம்பில் ஏற்றினால் வயிறு தப்பிவிடும் என்று நம்மிடையே பரவலாகச் சொல்லப்படுகிறது. இரைப்பைப் புண்ணின் முதன்மைக் காரணம் மாத்திரை வயிற்றுச் சுவரில் உராய்வது அல்ல. இரத்தத்தில் கலந்த மருந்து, சுவரைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டின்களை அங்கே வற்றச் செய்வதுதான். முன்பு இரைப்பைப் புண்ணோ கருநிற மலமோ இருந்தவர், வார்ஃபாரின் போன்ற இரத்த உறைவெதிர்ப்பு மருந்து எடுப்பவர், வயது மூத்தவர் ஆகியோருக்கு ஊசியும் மாத்திரையைப் போன்றே ஆபத்து. கீட்டோரோலாக்கை ஊசியும் மாத்திரையுமாகச் சேர்த்து மொத்தம் 5 நாளுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்ற விதியும், 65 வயதைக் கடந்தவருக்கும் 50 கிலோவுக்குக் குறைந்தவருக்கும் அளவைப் பாதியாக்க வேண்டும் என்ற விதியும் இதனால் வந்தவை.

மலேசியத் தமிழர்கள் கூடுதலாகக் கவலைப்பட வேண்டியது சிறுநீரகத்தைப் பற்றி. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 30 விழுக்காட்டைத் தாண்டி, எல்லா இனத்தவரிலும் உயர்ந்திருந்தது. 2018-இல் நடந்த இன்னோர் ஆய்வு, பெரியவர்களில் 15 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கு நாட்பட்ட சிறுநீரகக் கோளாறு இருப்பதாகக் கண்டது. 2011-இல் அது 9 விழுக்காடாகவே இருந்தது. இவர்களில் மிகப் பலருக்குத் தங்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நலமான சிறுநீரகத்தில் புரோஸ்டாகிளாண்டின் பெரிதாகத் தேவைப்படுவதில்லை. உடலில் நீர் வற்றியிருக்கும்போதும், இதயம் பலவீனமாக இருக்கும்போதும், சிறுநீரகம் ஏற்கெனவே பழுதுபட்டிருக்கும்போதும் வடிப்பான்களுக்குள் இரத்தம் நுழையும் குழாயைத் திறந்து வைத்திருப்பது அதுதான். அந்த நேரத்தில் அதைத் தடுத்தால் வடிகட்டும் வேலை சட்டென்று சரிகிறது. இரத்த அழுத்தத்துக்காகப் பெரிண்டோபிரில், லோசார்ட்டான் போன்ற மாத்திரைகளும், அதோடு நீர் மாத்திரையும் எடுத்துக்கொள்ளும் ஒருவருக்கு வலி ஊசியும் சேர்ந்தால், மூன்றும் மூன்று பக்கத்திலிருந்து ஒரே சிறுநீரகத்தை நெருக்குகின்றன. நம் வீடுகளில் அறுபதைக் கடந்தவர்களின் மருந்துப் பையைத் திறந்து பார்த்தால் இந்த முதல் இரண்டும் பெரும்பாலும் அதில் இருக்கும். காக்ஸ்-2 வகையைத் தேர்ந்தெடுப்பதும் இங்கே காப்பாற்றாது; ஏனென்றால் அந்த நொதிக்குச் சிறுநீரகத்தில் நிரந்தர வேலை உண்டு. வாந்தி, வயிற்றுப்போக்கோடு வந்தவருக்கு முதலில் நீர் ஏற்றி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை இரத்தத்தில் பார்த்து, அதன் பிறகே இந்த மருந்தைப் பற்றி யோசிப்பது நல்ல மருத்துவத்தின் அடையாளம். அதற்காகக் காக்கவைக்கப்படும் நேரத்தைப் புறக்கணிப்பாக எண்ண வேண்டாம்.

இதயத்தைப் பற்றிய அச்சம் 2004-இல், காக்ஸ்-2 வகையைச் சேர்ந்த ரோஃபிகாக்சிப் மாத்திரை உலகச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டபோது தொடங்கியது. பாரிகாக்சிப்பின் மாற்று வடிவமான வால்டிகாக்சிப் மாத்திரையும் 2005-இல் மீட்டுக்கொள்ளப்பட்டது; இதய ஆபத்தோடு கடுமையான தோல் பாதிப்புகளும் அதற்குக் காரணம். அதே ஆண்டில் வெளியான, இதயத் தமனி மாற்று அறுவை, அதாவது பைபாஸ், செய்துகொண்ட 1,671 பேர் பங்கேற்ற ஆய்வில், பாரிகாக்சிப்பும் அதைத் தொடர்ந்து வால்டிகாக்சிப்பும் பெற்றவர்களில் 2 விழுக்காட்டினருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை நேர்ந்தன. வெற்று மருந்து பெற்றவர்களில் அது 0.5 விழுக்காடு. எனவே அந்த அறுவைக்குப் பின் பாரிகாக்சிப் கூடாது. மற்ற அறுவைகளில் சில நாள் பயன்பாடு இதே அளவுக்கு ஆபத்தானது என்று இதிலிருந்து முடிவு செய்துவிட முடியாது. ஆனால் மாரடைப்போ பக்கவாதமோ முன்பு வந்தவர் அதை மயக்க மருத்துவரிடம் தாமாகவே சொல்லிவிட வேண்டும்.

கிள்ளான் பள்ளத்தாக்கிலும் பினாங்கிலும் வாழ்பவர்களுக்கு இன்னும் முக்கியமான ஒன்று டெங்கி. காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பை முறிப்பதுபோன்ற உடல்வலி; இப்படி வரும் ஒருவர் கேட்பது ஓர் ஊசியைத்தான். டெங்கியில் தட்டணுக்கள் குறைகின்றன, இரத்தக் குழாய்கள் கசிகின்றன, உடல் உள்ளுக்குள் வறள்கிறது. அந்த நிலையில் டைக்ளோஃபெனாக் மீதமுள்ள தட்டணுக்களையும் செயலிழக்கச் செய்து, இரைப்பையைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் தாக்கும். தசையில் குத்திய இடத்திலேயே இரத்தம் கட்டிக்கொள்ளும். மலேசியச் சுகாதார அமைச்சின் டெங்கிச் சிகிச்சை வழிகாட்டி இக்குடும்ப மருந்துகளைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான். டெங்கி இல்லை என்று உறுதியாகும் வரை காய்ச்சலோடு கூடிய உடல்வலிக்குப் பாராசிட்டமோல் போதும். வலி ஊசி போட மறுக்கும் கிளினிக் டாக்டர் ஓர் உயிரைக் காத்திருக்கக் கூடும். வேறு கிளினிக்கைத் தேடிப் போய் அந்த ஊசியைப் போட்டுக்கொள்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது.

ஒவ்வாமையைச் சுருக்கமாகச் சொல்லலாம். பொன்ஸ்தான் போட்ட பின் கண் இமைகள் உப்பியதுண்டு என்று சொல்பவர் டைக்ளோஃபெனாக்கிலும் அதே நிலையை அடையக்கூடும். இது ஒரு மருந்துக்கான ஒவ்வாமை மட்டுமல்ல, குடும்பத்துக்கே உரியதாக இருக்கலாம். ஆஸ்துமா உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு இம்மருந்துகள் மூச்சுத் திணறலைத் தூண்டும். மாத்திரை என்றால் அறிகுறி மெல்லத் தலைகாட்டும்; நரம்பில் ஏறியதென்றால் சில நிமிடங்களிலேயே நிலைமை முற்றலாம். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவருக்குப் பாரிகாக்சிப் கொடுப்பதில்லை. கர்ப்பிணிகளுக்கு 20 வாரத்துக்குப் பின் இவற்றைத் தவிர்ப்பது வழக்கம். வயிற்றில் உள்ள குழந்தையின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு பனிக்குட நீர் குறையலாம், 30 வாரத்துக்குப் பின் குழந்தையின் இதயத்தருகே பிறப்பு வரை திறந்திருக்க வேண்டிய இரத்தக் குழாய் முன்கூட்டியே மூடிக்கொள்ளலாம். குறைமாதத்தில் பிறந்த சிசுக்களில் அதே குழாய் மூடாமல் போனால், அதை மூடவைக்க மருத்துவர்கள் நரம்பில் ஏற்றுவதும் இதே ஐபூபுரோஃபென் அல்லது இண்டோமெதசின்தான். இந்த மருந்துகளை வெறும் வலி ஊசி என்று எண்ணுபவர்களுக்கு இந்த ஒரு செய்தி போதுமானது.

அவசரப் பிரிவில் அடிக்கடி நேரும் இன்னொரு சிக்கல் இரட்டிப்பு. காலையில் வீட்டில் இருந்த பொன்ஸ்தான், மதியம் பக்கத்து வீட்டார் கொடுத்த ஆர்கோக்சியா, இரவில் மருத்துவமனையில் ஊசி என்று ஒரே நாளில் மூன்றும் சேர்ந்தால் பலன் மூன்று மடங்காவதில்லை. ஏற்கெனவே தடுக்கப்பட்ட நொதியை மீண்டும் தடுப்பதில் வலிக்குப் பயனில்லை, வயிற்றுக்கும் சிறுநீரகத்துக்கும் சுமை மட்டுமே ஏறுகிறது. மூட்டுவலிக்கென்று சந்தையிலும் இணையத்திலும் விற்கப்படும் சில ஜாமு, நாட்டு மருந்துகளில் டைக்ளோஃபெனாக்கும் டெக்ஸாமெதசோன் என்னும் ஸ்டீராய்டும் இரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பதை மலேசிய அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்துள்ளனர். "நான் மருந்து எதுவும் எடுக்கவில்லை, நாட்டு மருந்துதான்" என்று ஒருவர் உண்மையாகவே நம்பிச் சொல்லும்போது, இரத்தத்தில் அதே மருந்து ஓடிக்கொண்டிருக்கலாம். மறைக்காமல் அந்தப் பொட்டலத்தையும் கையோடு கொண்டுவந்து காட்டுவது மருத்துவருக்குப் பெரிய உதவி.

மலேசிய அரசாங்க மருத்துவமனைகளில் இன்று வலியைக் கேட்டறிவது வழக்கமாகிவிட்டது. நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், மூச்சு, உடல்வெப்பம் ஆகியவற்றோடு வலியையும் ஐந்தாவது அடிப்படை அறிகுறியாகப் பதிவு செய்ய வேண்டும் என்று சுகாதார அமைச்சு 2008-இல் அறிவுறுத்தியது. 0 முதல் 10 வரை எண்களும் முகப்படங்களும் கொண்ட அளவுகோலைத் தாதியர் காட்டிக் கேட்பது அதன் விளைவு. வலியைப் பொறுத்துக்கொள்வது பெருமை என்று வளர்ந்த நம் தாத்தா பாட்டிமார் எட்டு என்று சொல்ல வேண்டிய இடத்தில் மூன்று என்பார்கள். உடன் வந்த பிள்ளைகள் அதைத் திருத்திச் சொல்ல வேண்டியிருக்கும். அசையும்போது எவ்வளவு, அசையாதபோது எவ்வளவு என்று இரண்டையும் பிரித்துச் சொன்னால் இன்னும் நல்லது. ஏனென்றால் இம்மருந்துகள் சிறப்பாக உதவுவது இருமும்போதும் எழுந்து நடக்கும்போதும் எழும் வலிக்கு. கூட்டு மருத்துவம் என்பது இங்கே பொருள் கொள்கிறது: பாராசிட்டமோலை நேரம் தவறாமல் கொடுத்து, தகுதியுள்ளவருக்கு அழற்சி தணிப்பியைச் சேர்த்து, அதற்கும் அடங்காத வலிக்கு மட்டும் மார்ஃபினை வைத்துக்கொள்வது. நியூயார்க்கின் பிரான்க்ஸ் பகுதியில் கை கால் வலியோடு வந்த 416 பேரிடம் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஐபூபுரோஃபெனும் பாராசிட்டமோலும் சேர்ந்த மாத்திரைக் கூட்டணி, அபின் வகை கலந்த மூன்று வேறு மாத்திரைக் கூட்டணிகளுக்கு 2 மணி நேர முடிவில் எந்த வகையிலும் குறைந்திருக்கவில்லை. கணுக்கால் சுளுக்கியோ, மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தோள் அடிபட்டோ வந்து, வாந்தியின்றித் தண்ணீர் குடிக்கக்கூடிய ஒருவருக்கு இந்த மாத்திரைகளே முதல் சிகிச்சையாக இருப்பதில் குறை ஒன்றுமில்லை.

நரம்பில் தொடங்கியவருக்கும், தண்ணீர் குடித்து அது வயிற்றில் தங்கிய நேரத்திலேயே மாத்திரைக்கு மாறுவதுதான் முறை. அந்த மாற்றத்தின்போது ஒரு கவனம் தேவை: வார்டில் கடைசியாக ஏறிய ஊசியின் பெயரும் நேரமும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சீட்டில் எழுதப்பட்டிருக்க வேண்டும். மாலை 6 மணிக்குப் பாரிகாக்சிப் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பியவர், இரவு 8 மணிக்கு ஆர்கோக்சியாவின் முதல் மாத்திரையைப் போட வேண்டியதில்லை. எப்போது தொடங்கலாம், எத்தனை நாள் தொடரலாம், மருந்தகத்தில் வேறு வலி மாத்திரை வாங்கலாமா என்பதை வெளியேறும் முன்பே மருந்தாளரிடம் கேட்டு, அதே சீட்டில் தமிழிலேயே குறித்துக்கொள்ளலாம்.